கடைமுகத்துக் கேசட்

நடுவர் ஐயா, இரு அணி நண்பர்களே, மாயூரத்துப் பெரியோரே, வணக்கம்.

"அயல்நாடு போனவனை ஊரோடு கட்டி வைத்திருப்பது உறவா, இசையா?" என்பது தலைப்பு. இசைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். சான்று வேண்டுமென்றால் திருவையாற்றுக்குப் போங்கள். பாடகி பெங்களூரு நாகரத்தினம்மாள் தியாகராஜருக்கு என்ன முறை? பாட்டின் மேல் வைத்த பக்தி ஒன்றுதான் முறை. நகைகளை விற்று அவருக்குக் கோயில் எழுப்பினார். 1952-இல் கண்ணை மூடியபின் அவருடைய சமாதியும் அங்கேயே அமைந்தது. ஆந்திரத்துக் கரவதியில் பிறந்த ஷேக் சின்ன மௌலானா, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாயனத்தில் மயங்கினார், நாச்சியார்கோவில் வித்வான்களிடம் பயின்றார், ஸ்ரீரங்கத்துக்காரராகவே ஆகிவிட்டார். எந்த மாமன் மச்சான் கூப்பிட்டு அவர் வந்தார்?

இருக்கட்டும். நான் சொல்ல வந்தது என் சின்ன மாமாவின் கேசட் கதை.

1984-இல் மாமா தச்சு வேலைக்கு மஸ்கட் போனார். பெட்டியில் நான்கு சட்டை, ஊறுகாய், ஒரு கேசட். அதற்கு முந்தைய ஐப்பசியில், மாதக் கடைசி நாளான கடைமுகத்தன்று, காவிரித் துலாக்கட்டத்துக்குத் தீர்த்தவாரிக்காக மாயூரநாதர் புறப்பட்டபோது தெருமுனையில் நின்று அவரே பதிவு செய்தது. தவில் தட்டிவிட்டு நாயனத்தில் மல்லாரி தொடங்கும். நடுவே "சுக்குக் காப்பி, சுக்குக் காப்பி" என்று ஒரு குரல். அதன் பிறகு, கூட்டத்தில் எங்கோ ஒரு தாய் கத்துகிறாள்: "பாப்பா, கையை விடாதே!"

அறையில் பதினோரு பேர், அடுக்குக் கட்டில். முதல் வெள்ளிக்கிழமை மாமா கேசட்டைப் போட்டார். மல்லாரி கேட்டதும் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மல்லாரி என்றால் சாமி புறப்பட்டுவிட்டது; சாமி வரும்போது யார் படுத்திருப்பார்கள்? மேல்கட்டிலில் இருந்த நாகூர்க்காரரும் இறங்கி நின்றார். மறு வெள்ளிக்கிழமை அவர் நாகூர் அனிபா கேசட்டைக் கொண்டுவந்தார். அதற்கும் பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள்.

ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டது அந்தத் தாயின் குரலைத்தான். பேனாவைப் பல்சக்கரத்தில் விட்டுச் சுற்றுவார்கள், கேட்பார்கள், மறுபடியும் சுற்றுவார்கள். அந்த இடத்திலேயே நாடா தேய்ந்து ஒருநாள் அறுந்தது. மாமா செல்லோடேப் வைத்து ஒட்டினார். ஒட்டியதில் அரை விரல் நாடா போய்விட்டது. அதன் பிறகு போட்டால் "பாப்பா, கையை..." என்பதோடு குரல் நின்றுவிடும். மிச்சத்தை அறையே சேர்ந்து சொல்லும்: "விடாதே!" பதினோரு ஆண்பிள்ளைகள், பாலைவனத்தில், வாரம் தவறாமல்: "விடாதே!" அந்தத் தாய் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா, ஒருவேளை நீங்கள் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கலாம்!

எதிரணி அம்மையார் சற்று முன் ஒரு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். "பாட்டு ரசிகன் கைதட்ட வருவான், பாடை தூக்க வருவானா?" என்றார். நடுவர் ஐயா, நான் எழுதி வந்த மூன்று பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் உட்கார மாட்டேன்.

வந்தான் அம்மா, ரசிகன் வந்தான். அந்த அறையில் சமையல் பார்த்த பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டார். பாஸ்போர்ட் முதலாளியின் பூட்டுக்குள் இருந்தது. ஊரில் உறவு இல்லாமல் இல்லை; கதறி அழுதது. ஆனால் கடல் தாண்டித் தோள் கொடுக்க விசா வேண்டுமே! பத்தொன்பது நாள். பத்துப் பேரும் முறை வைத்து வேலையை விட்டு ஓடினார்கள். தூதரகம், மருத்துவமனை, முதலாளி வீட்டு வாசல். அரைச் சம்பளத்தைப் போட்டுப் பெட்டி வாங்கினார்கள். விமான நிலையத்தில் அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவர் நாகூர்க்காரர். அவருக்கும் பெரியவருக்கும் என்ன சொந்தம்? சாதி ஒன்றா, மதம் ஒன்றா, ஊர் ஒன்றா? ஒரே கேசட்டைக் கேட்டவர்கள், அம்மா! பெரியவரின் கையை அவர்கள் விடவில்லை!

மணியைச் சற்றுப் பிடித்துக்கொள்ளுங்கள் ஐயா, முடித்துவிடுகிறேன்.

மாமா ஊர் திரும்பிப் பல வருடங்கள் ஆகின்றன. கேசட் பூஞ்சை பிடித்து ஊமையாகிவிட்டது. பூஜை அறையில் வைத்திருக்கிறார். நாகூர்க்காரர் இப்போது பினாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். அங்கேயும் ஒரு நாகூர் தர்கா உண்டு. நம் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் கட்டியது.

போன கடைமுகத்துக்கு மாமாவைக் கைத்தாங்கலாகத் தெருமுனைக்கு அழைத்துப் போனேன். பழைய இடத்திலேயே நிற்க வேண்டும் என்றார். தவில் தட்டியதும் என் செல்போனை வாங்கிப் பினாங்குக்குப் போடச் சொன்னார். பேசவில்லை. கையை உயர்த்தி நாயனத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது, நான் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். மல்லாரி முடிந்த பிறகுதான் காதில் வைத்தார். எனக்கும் கேட்டது.

"முட்டியை நீட்ட முடியவில்லை அண்ணே. ஆனாலும் எழுந்து நின்றுவிட்டேன். சாமி எதுவரை வந்திருக்கிறது?"