பட்டம் வேண்டாம் என்று போராடிய பிரபு

அவையோருக்கு வணக்கம்.

பட்டத்துக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட கதைகள் நமக்கு நிறையத் தெரியும். தலைமேல் வந்து விழுந்த பட்டத்தை இறக்கி வைக்க மூன்று வருஷம் மல்லுக்கட்டிய ஒருவரைப் பற்றி இன்று பேசுகிறேன். டோனி பென். பிரிட்டிஷ் அரசியல்வாதி, 1925இல் லண்டனில் பிறந்தவர்.

அவருடைய அப்பா வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை பிரிட்டிஷ் அரசில் இந்தியா மந்திரி. வட்டமேஜை மாநாட்டுக்காக காந்தி லண்டன் வந்தபோது ஆறு வயதுப் பையனாக அவரைப் பார்த்ததை டோனி பென் பிற்காலத்தில் பெருமையாகச் சொல்வார்.

1942இல் அப்பாவுக்கு ஸ்டான்ஸ்கேட் பிரபு என்ற பட்டம் கொடுத்தார்கள். பரம்பரைப் பட்டம், அடுத்து மூத்த மகன் மைக்கேலுக்குப் போகும். மைக்கேல் பாதிரியாராக விரும்பியவர், அவர் சரி என்று சொல்லிவிட்டார். இளையவனை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. 1944இல் விமானப் படையில் இருந்த மைக்கேல் இறந்துபோனார்.

டோனி 1950இல் லேபர் கட்சி சார்பில் பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியில் ஜெயித்து நாடாளுமன்றத்தின் மக்கள் சபைக்குப் போனார். அப்போது வயது 25. பிரபு ஆகிவிட்டவர் மக்கள் சபையில் உட்கார முடியாது என்பது அன்றைய சட்டம். அப்பா இருக்கும்போதே பட்டத்திலிருந்து விலக வழி தேடினார், நடக்கவில்லை. 1960 நவம்பர் 17 அன்று அப்பா காலமானார். மகனுக்குப் பட்டம் வந்தது, பதவி போனது.

1961 மே மாதம் இடைத்தேர்தல். தகுதி இல்லை என்று தெரிந்தே அதே தொகுதியில் நின்றார். அவருக்கு 23,275 ஓட்டு. எதிர்த்து நின்ற கன்சர்வேடிவ் வேட்பாளருக்கு 10,231. ஜெயித்தவர் சபைக்குப் போகிறார். வாசலில் நிற்கும் காவலர் மறிக்கிறார், உள்ளே விடக்கூடாது என்று சபாநாயகர் உத்தரவு. தேர்தல் வழக்கில் நீதிபதிகள் என்ன சொன்னார்கள் தெரியுமா? தகுதியற்றவர் என்று தெரிந்தே போட்ட ஓட்டு செல்லாது. ஆகவே தோற்றவரே ஜெயித்தவர்! பதிமூவாயிரம் ஓட்டில் தோற்றவர் உறுப்பினராகப் போய் அமர்ந்தார்.

ஊர் சிரித்தது. கடைசியில் 1963 ஜூலை 31 அன்று பிரபுப் பட்டத்தைத் துறக்கும் சட்டம் ஒப்புதல் பெற்றது. அன்று மாலை 6.22க்கு முதல் ஆளாகப் பட்டத்தைத் துறந்தவர் பென். அந்த கன்சர்வேடிவ் உறுப்பினரும் கௌரவமாக ராஜினாமா செய்தார். ஆகஸ்டில் பென் மறுபடி ஜெயித்தார்.

இதைத் தியாகம் என்று மேடைகளில் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். அவர் அதிகாரத்தை விட்டு ஓடவில்லை, அதிகாரத்துக்குள் போகத்தான் போராடினார். ஆனால் அது ஓட்டுப் போட்டவன் கையிலிருந்து வர வேண்டும், அப்பன் செத்ததால் வரக்கூடாது என்றார். துறவியைவிட எனக்கு இந்தப் பிடிவாதக்காரரைத்தான் பிடிக்கிறது.

வேடிக்கை கேளுங்கள். அதே வருஷம் அக்டோபரில் பிரதமர் மேக்மில்லன் விலகினார். பிரபுக்கள் சபையில் இருந்த ஹோம் பிரபு பிரதமராகி, சில நாளிலேயே இதே சட்டத்தின்படி பட்டத்தைக் கழற்றிவிட்டார். அவர் கன்சர்வேடிவ் கட்சி! பென் தோண்டிய கிணற்றில் எதிர்க்கட்சிக்காரர் தண்ணீர் மொண்டார்.

பிறகு தபால் துறை, தொழில்நுட்பம், எரிசக்தி என்று மந்திரி பதவிகள். 1981இல் லேபர் கட்சித் துணைத் தலைவர் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் டெனிஸ் ஹீலியிடம் தோற்றார். கட்சியை உடைத்தவர் என்று சொந்தக் கட்சிக்காரர்களே இன்றும் திட்டுகிறார்கள். அதில் பாதி நியாயம் உண்டு.

எனக்குப் பிடித்தது 1991இல் நடந்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், ஓட்டுரிமைப் போராளி எமிலி வைல்டிங் டேவிசன் நாடாளுமன்ற நிலவறைத் தேவாலயத்தின் துடைப்ப அறையில் ஒளிந்திருந்தார். ஓட்டில்லாத பெண், ‘முகவரி: மக்கள் சபை’ என்று பதிவாக வேண்டுமாம்! அந்தச் செய்தியைப் பலகையில் பொறித்து, பென் தானே எடுத்துப்போய் அந்தக் கதவில் திருகாணி போட்டு மாட்டினார்.

2001இல், அரசியலுக்கு அதிக நேரம் வேண்டும் என்று சொல்லி நாடாளுமன்றத்திலிருந்து விலகினார். 2014இல் மறைந்தார். அந்தச் சட்டத்தில் ஒரு சங்கதி உண்டு: துறந்தவர் ஆயுள் மட்டும்தான் பட்டம் தூங்கும். பென் மறைந்ததும் அது மூத்த மகன் ஸ்டீபனுக்கு வந்தது. அவர் வாங்கிக்கொண்டார். 2021இல் பரம்பரைப் பிரபுக்களுக்கான இடைத்தேர்தலில் போட்டியின்றித் தேர்வாகிப் பிரபுக்கள் சபைக்குள் போனார்.