மண்வெட்டி பிடித்த வாத்தியார்

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய கலாநிதி ஏ. ரி. ஆரியரத்ன 2024 ஏப்ரல் 16ஆம் திகதி, தமது 92ஆவது வயதில் காலமானார். மகசேசே விருது, காந்தி அமைதி விருது, நாட்டின் மிக உயர்ந்த தேசிய விருதான ஸ்ரீலங்காபிமான்ய என்று அவருக்குக் கிடைத்த கௌரவங்களைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. நான் அவருடைய முதல் வேலையைப் பற்றித்தான் அதிகம் பேச வந்திருக்கிறேன்.

1931இல் காலிக்குப் பக்கத்தில் உனவட்டுனவில் பிறந்தவர், கொழும்பு நாளந்தா கல்லூரியில் ஆசிரியரானார். 1958 கடைசியில் மாணவர்களையும் சக ஆசிரியர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு கனத்தொலுவ என்ற கிராமத்துக்குப் போனார். அது ரொடியா சமூகத்தவரின் ஊர். சிங்களச் சாதி அடுக்கில் அடியிலும் அடியில் தள்ளப்பட்டு, பிச்சை எடுத்தே பிழைக்க விதிக்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஊரில் கொழும்புப் பிள்ளைகள் தங்கினார்கள். அந்தச் சனத்தோடு சேர்ந்து மண் வெட்டினார்கள், ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் மண் வெட்டியதைவிடப் பெரிய காரியம் அந்தச் சாப்பாடுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதைச் சிங்கள ஊர்க் கதை என்று கேட்டுவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கிணற்றில் தண்ணீர் அள்ளவிடாததும், தேநீர்க்கடைக்குள் இருக்கவிடாததும், 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறித்ததும் நம்முடைய ஆட்கள்தான். அந்த நோய் நம்மை விட்டு முழுதாகப் போய்விட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்?

சரி, அப்புறம் என்ன நடந்தது? அந்த ஒரு முகாமிலிருந்து சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. சிரமதானம் என்றால் உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. 1972இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. பிறகு 15,000 கிராமங்கள்வரை போனது. இன்றைக்குக் கோயில் திருவிழாவுக்கு முன்னும், பாடசாலை தொடங்கும்போதும், டெங்கு வந்தாலும் நாம் சிரமதானம் செய்கிறோம். அதன் பின்னால் அந்த மனிதரின் உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அவர் வகுத்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. முதலில் ஊரே கூடி ஒரு வேலையைச் செய்யும். பிறகு தாய்மார், இளைஞர், சிறுவர், விவசாயிகள் என்று குழுக்கள் அமையும். ஊர் தன் சங்கத்தைப் பதிவு செய்து, தன் தேவைகளைத் தானே தீர்க்கத் தொடங்கும், வருமானத்துக்கு வழி தேடும். கடைசிப் படி, பக்கத்து ஊருக்குக் கொடுப்பது. நேற்றுவரை கை ஏந்திய ஊர் இன்னொரு ஊருக்குத் தோள் கொடுக்கும்போதுதான் வேலை முடிந்தது என்று அவர் கணக்கு வைத்தார்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். நம் திருகோணமலை மாவட்டத்தில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எல்லாம் கடல் அடித்துக்கொண்டு போனது. உதவி வந்தது, அதற்கு நன்றி மறக்கக்கூடாது. ஆனால் நம் மீனவர்கள் வரிசையில் நின்று நின்று, 'அடுத்து யார் தருவார்கள்' என்று பார்க்கிற நிலைக்கும் வந்தார்கள். வலை பின்னிய கைகளுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பதோடு, உன்னால் என்ன செய்ய முடியும் என்றும் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். ஆரியரத்ன கனத்தொலுவயிலேயே அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினார்.

தமிழர் நாம் அவரைப் பற்றிப் பேசும்போது 1983ஐத் தாண்டிப் போக முடியாது. தமிழருக்கு எதிரான அந்தக் கலவரத்துக்குப் பிறகு கதிர்காமத்திலிருந்து நயினாதீவு நோக்கி ஓர் அமைதி நடையைத் தொடங்கினார். வடக்கிலிருந்து நம் ஊர் வழியாகக் கதிர்காமம் போகும் பாதயாத்திரையை நாம் எல்லாரும் அறிவோம். அவர் தெற்கிலிருந்து வடக்கே நடக்கப் புறப்பட்டார். அரசு கேட்டுக்கொண்டதால் அந்த நடை தொடக்கத்திலேயே நின்றுபோனது. நின்றிருக்கக்கூடாது என்பது என் எண்ணம். தமிழரின் அரசியல் உரிமைக்காகவும் அவர் இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் இரண்டு பக்கமும் வெறுப்பு பொங்கிய நேரத்தில், மற்ற இனத்துச் சனத்தை நோக்கி நடக்கப் புறப்பட்ட மனிதரை நான் மதிக்கிறேன். 2002இல் அநுராதபுரத்தில் சமாதானத்துக்காக இலட்சக்கணக்கானவர்களைத் தியானத்தில் அமரவைத்தபோது அவருக்கு வயது 70. களைப்பென்று சொல்லி ஒதுங்கியவர் இல்லை.

இனி ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு காலை தம்பலகாமத்தில் தூர்ந்துபோன வாய்க்கால் ஒன்றைத் துப்புரவு செய்யப் போகிறோம். தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகள் மூன்று தரப்பும் வருகிறார்கள். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள், இல்லாதவர்கள் கூடையோடு வாருங்கள். மதியச் சாப்பாட்டை அந்த ஊர்ச் சனம் சமைக்கிறது. யாரும் தனியாகப் பொதி கட்டிக்கொண்டு வரவேண்டாம்.