அறிவு மதிப்பெண் ஆறும் விடை தெரிந்த ஆட்டக்காரரும்

நேயர்களுக்கு வணக்கம். பகடையும் தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்றுக் கதையை நகர்த்திச் செல்லும் விளையாட்டுகளில் நெடுங்காலமாகத் தீராத ஒரு வழக்கைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். என் பாத்திரத்தின் அறிவு மதிப்பெண் குறைவு, ஆனால் எனக்கு விடை தெரியும், அதை நான் சொல்லலாமா கூடாதா என்பதே அந்த வழக்கு.

இவ்வகை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி 1974-இல் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உடல்வலு, அறிவு, விவேகம், தாங்குதிறன், லாவகம், வசீகரம் என ஆறு பண்புகள் உண்டு. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் ஒவ்வொரு பண்புக்கும் 3 முதல் 18 வரை ஓர் எண் கிடைக்கும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்க முடியாதவரும் இந்த மேசையில் மாவீரராக விளையாடலாம், ஏனெனில் கதவை உடைப்பது அவருடைய தோளல்ல, பகடை. அறிவு அப்படிப்பட்டதன்று. எதைச் செய்வது என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு கணத்திலும் ஆட்டக்காரரின் மூளைதான் வேலை செய்கிறது. பாத்திரத்தின் மதிப்பெண் குறைவு என்பதற்காக அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட முடியாது. வசீகரத்துக்கும் இச்சிக்கல் ஓரளவு உண்டு. இன்று அறிவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிக்கலின் விதை முதல் விதிநூலிலேயே இருக்கிறது. ஒரு பாத்திரம் குறிப்பிட்ட செயலைச் செய்யுமா செய்யாதா என்று, ஆட்டத்தை நடத்தும் நடுவர் தீர்மானிப்பதில் அறிவு மதிப்பெண்ணுக்கும் பங்குண்டு என்று 1974-ஆம் ஆண்டு நூல் போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சென்றது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, “உன் ஆளுக்கு இது தோன்றாது” என்று ஆட்டக்காரரின் வாயை அடைக்கும் நடுவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1981-இல் வந்த தொடக்கநிலை நூல் இன்னும் தெளிவாக நடந்துகொண்டது. மதிப்பெண் 3 என்றால் பேச்சே தடுமாறும், எழுதப் படிக்க வராது. 6 முதல் 8 வரை என்றால் எளிய சொற்களை எழுதலாம். 9 முதல் தாய்மொழியில் எழுதவும் படிக்கவும் வரும் என்று அது வரையறுத்தது. கவனித்துப் பார்த்தால், அந்த அட்டவணை பாத்திரத்தின் கல்வியைப் பற்றிப் பேசுகிறதே தவிர, அவனுக்கு எந்த யோசனை தோன்றலாம், எது தோன்றக்கூடாது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிற்காலப் பதிப்புகளில் அந்த எண்ணின் வேலை மேலும் சுருங்கியது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒரு செயல் பலிக்குமா என்று சோதிக்க உருட்டும் இருபது முகப் பகடையின் எண்ணில், 8 என்ற மதிப்பெண்ணுக்கு ஒன்று குறையும், 6-க்கு இரண்டு குறையும், அவ்வளவுதான். 15 என்ற இலக்கை எட்ட வேண்டிய சோதனையில் சராசரி மனிதருக்கு வெற்றி வாய்ப்பு 30 விழுக்காடு என்றால், மதிப்பெண் 8 உள்ளவருக்கு அது 25 விழுக்காடு. மூன்று பகடைக் கணக்கில் பார்த்தாலும், மொத்தம் 216 வாய்ப்புகளில் 56 முறை 8 அல்லது அதற்குக் கீழேதான் விழும். அதாவது, தெருவில் போகிற நால்வரில் ஒருவருக்கு அந்த மதிப்பெண்ணோ அதற்கும் கீழோ என்று வைத்துக்கொள்ளலாம். இப்படியிருக்க, தாளில் 8 என்று எழுதியவுடன் வாயைப் பிளந்துகொண்டு, பெயரைக்கூடத் திக்கித் திணறிச் சொல்லி, கண்ட பொறியிலெல்லாம் காலை விடும் கோமாளியாக நடிப்பது விதியும் கேட்காதது, கணக்கும் கேட்காதது. அது முதல் ஒரு மணி நேரம் சிரிப்பூட்டும். பிறகு சக ஆட்டக்காரர்களுக்குச் சுமையாகும். அந்த மேசையில் அமர்ந்திருப்பவர் ஒருவரின் வீட்டில் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை இருந்தால், அது சிரிப்பாகவும் இருக்காது.

என் கருத்து இதுதான்: யோசனை ஆட்டக்காரருடையது, தகவல் பாத்திரத்துடையது. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வழக்கில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பாழடைந்த கோட்டையின் கற்கதவில், “எடுக்க எடுக்கப் பெரிதாவது எது?” என்று செதுக்கியிருக்கிறது. குழுவில் படித்தவன் மந்திரவாதி. ஆனால் அவனை விளையாடுபவருக்கு விடை பிடிபடவில்லை. மதிப்பெண் 6 உள்ள படைவீரனை விளையாடுபவருக்கோ சட்டென்று பிடிபட்டுவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பேன். அந்த வீரன் கதவை முறைத்துப் பார்த்துவிட்டு, “இதுக்கா இவ்வளவு நேரம்? குழிதானே. பதுங்குகுழி வெட்டினவனுக்குத் தெரியாதா, மண்ணை எடுக்க எடுக்க அது பெருசாத்தான் ஆகும்” என்று சொல்லலாம். விடை ஏட்டிலிருந்து வரவில்லை, மண்வெட்டியிலிருந்து வந்தது. மதிப்பெண் 6 அங்கே காற்றில் விடப்படவில்லை. விடை எந்த வழியாக வந்தது என்பதில் அது தெரிகிறது.

அதே ஆட்டக்காரர் அடுத்த அறையில் டிரால் என்னும் அரக்கனைக் கண்டவுடன், “தீயை வையுங்கள், இல்லாவிட்டால் புண் ஆறிவிடும்” என்று கத்தினால் கதை வேறு. டிராலின் காயம் தானே ஆறும், தீயோ அமிலமோ பட்டால்தான் அந்த ஆற்றல் தடைபடும் என்பது விதிநூலைப் படித்தவருக்குத் தெரிந்த செய்தி. வாழ்நாளில் டிராலையே பார்த்திராத வீரனுக்கு அது தெரிய வழியில்லை. இங்கே நடுவர் பகடையை உருட்டச் சொல்வது முழு நியாயம், அந்த இரண்டு குறைவதும் நியாயம். இரண்டு சுற்று வெட்டிய பிறகும் காயம் மூடிக்கொள்வதைக் கண்டு, வீரன் கையிலிருக்கும் தீப்பந்தத்தை எடுத்து டிராலின் முகத்தில் குத்தினால், அது மறுபடியும் யோசனை, தடுக்கக் கூடாது.

விதியே அறிவைப் பறிக்கும் இடங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஐந்தாம் பதிப்பின் ‘ஃபீபிள்மைண்ட்’ என்ற மந்திரத்தில் சிக்கியவரின் அறிவும் வசீகரமும் 1 ஆகிவிடும். மொழி புரியாது, மந்திரம் ஓதவும் முடியாது. ஆனால் தன் நண்பர்கள் யாரென்று அவர் அறிவார், அவர்கள் பின்னால் செல்வார், அவர்களைக் காக்கவும் செய்வார். அடிமட்ட மதிப்பெண்ணுக்கே விதிநூல் இவ்வளவு கண்ணியம் விட்டுவைத்திருக்கும்போது, 8-க்கு நாம் ஏன் அதையும் மறுக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

எதிர்த்திசையில் யோசித்த விளையாட்டுகளும் இருக்கின்றன. ‘கால் ஆஃப் கதுலு’ விளையாட்டில் ஆட்டக்காரர்கள் துப்பைத் தவறவிட்டு நின்றால், பாத்திரத்தின் அறிவு மதிப்பெண்ணை வைத்துப் பகடை உருட்டி அந்த யோசனையைப் பெறலாம். ‘கர்ப்ஸ்’ விளையாட்டில் புள்ளிகள் கொடுத்துப் ‘பொதுப்புத்தி’ என்ற தகுதியை வாங்கியவர் ஏதேனும் மடத்தனம் செய்யப் போனால், நடுவர் பகடை உருட்டி, வெற்றி விழுந்தால் எச்சரிக்க வேண்டும். 1984-இல் வந்த ‘டூன்’ இன்னும் குறும்பானது: மலை விளிம்பைத் தாண்டி நடந்துவிட்ட கேலிச்சித்திரப் பாத்திரம், அறிவுச் சோதனையில் தோற்றால், கீழே தரையில்லை என்பதே உறைக்காமல் காற்றில் தொடர்ந்து நடக்கும். அறிவாளிதான் விழுவான்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பாத ஆட்டக்காரர்களுக்குப் பல மேசைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீரனை விளையாடுபவர் தம் யோசனையை மேசையில் பொதுவாகச் சொல்லிவிடுவார். கதைக்குள் அதை மந்திரவாதி சொன்னதாக எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். மந்திரவாதியை விளையாடுபவர் நிஜ வாழ்வில் அவ்வளவு புத்திசாலியாக இருக்க வேண்டிய கட்டாயமும் அதனால் தீர்கிறது. அவருக்கும் அது பெரிய நிம்மதிதான்.

வணக்கம்.