வெண்ணெய்க்குப் பெயர் வைத்த விங்கர்

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டு வீரர் ஒருவர் தொழிலிலும் ஜெயித்தார் என்றால் போதும், மைதானம் கற்றுத்தந்த தலைமைப்பண்பு, குழு உணர்வு என்று நீட்டி முழக்கிவிடுவார்கள். அயர்லாந்தின் டோனி ஓ'ரெய்லி விஷயத்தில் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ரக்பி அவருக்குப் பேரும் புகழும் தந்தது, பல கதவுகளைத் திறந்துவிட்டது. உள்ளே போய்ச் செய்ததெல்லாம் வேறு சரக்கு.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1955-இல், 18 வயதில் அயர்லாந்து அணிக்கு வந்தார். அதே வருடம் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அனுப்பும் லயன்ஸ் அணியோடு தென்னாப்பிரிக்கா போனார். ஆறடிக்கு மேல் உயரம், செம்பட்டை முடி, ஓரத்தில் ஓடும் விங்கர். ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க்கில் முதல் டெஸ்ட். அடிபட்டவருக்குப் பதிலாக ஆள் இறக்க அன்று விதி இல்லை, அதனால் ஒருவர் காயத்தோடு வெளியேறியதும் லயன்ஸ் மிச்சம் 14 பேரை வைத்தே ஆடியது. கடைசியில் 23-22 என்று லயன்ஸ் முன்னால் நிற்க, தென்னாப்பிரிக்காவுக்கு ஒரு உதை பாக்கி. கம்பங்களுக்கு நடுவே போனால் இரண்டு புள்ளி, ஆட்டம் அவர்கள் கையில். வான் டெர் ஷைஃப் உதைத்த பந்து விலகிப் போயிற்று. அந்தப் பயணத்திலும் 1959 பயணத்திலுமாக லயன்ஸுக்கு ஓ'ரெய்லி வைத்த ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) மொத்தம் 38, இன்றுவரை யாரும் அதைத் தொடவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் ரக்பிக்குச் சம்பளம் கிடையாது. பிழைக்க வேலை வேண்டும். இருபதுகளின் நடுவிலேயே அயர்லாந்துப் பால் வாரியத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. அயர்லாந்து வெண்ணெய் அதுவரை பிரிட்டனுக்கு மொத்தமாகப் போய், எந்த ஊர்ச் சரக்கு என்றே தெரியாமல் விற்றது. அதற்குக் கெர்ரிகோல்ட் என்று பெயர் வைத்து, 1962-இல் பிரிட்டன் கடைகளில் இறக்கினார்கள். சொந்த நாட்டுக் கடைகளுக்கு அது வந்து சேரவே பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று! என் கணக்கில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான்.

அப்புறம் ஹைன்ஸ், கெட்சப்புக்குப் பேர்போன அமெரிக்க உணவு நிறுவனம். 1979-இல் தலைமைச் செயல் அதிகாரி, 1987-இல் ஹைன்ஸ் குடும்பத்தைச் சேராத முதல் தலைவர். செலவைக் கறாராகக் குறைத்தார்கள், பங்கு விலை ஏறியது, எல்லோரும் கொண்டாடினார்கள். அந்தக் கறாரின் இன்னொரு பக்கம் ஹைன்ஸின் ஸ்டார்கிஸ்ட் டூனா மீன் ஆலைகளில் தெரிந்தது. போர்ட்டோ ரிக்கோவிலும் அமெரிக்க சமோவாவிலும் மீன் சுத்தம் செய்கிறவர்களைக் குறைத்தார்கள். மிஞ்சியவர்கள் இருந்த அவசரத்தில், தினமும் டன் கணக்கில் சதை முள்ளோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போனது. கூலியில் மிச்சம் பிடித்ததை மீனில் விட்டார்கள், கடைசியில் நூற்றுக்கணக்கானவர்களை மறுபடி வேலைக்குச் சேர்க்க வேண்டியதாயிற்று.

பத்திரிகைகளும் வாங்கினார், அது தனிக் கதை. அவரைக் கவிழ்த்ததில் பெரிய பங்கு வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் நிறுவனத்துக்கு, அதாவது கண்ணாடிக்கும் பீங்கானுக்கும். விலையுயர்ந்த படிகக் கிண்ணங்களை அலமாரியில் அடுக்குகிற வழக்கமே குறைந்துகொண்டிருந்தபோது, சொந்தப் பணத்தைத் திரும்பத் திரும்ப அதில் கொட்டினார். தோற்கிற ஆட்டத்திலும் கடைசி நிமிடம் வரை ஓடுகிற பழக்கத்தை, வேண்டுமானால், ரக்பி தந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அங்கேயாவது 80 நிமிடம் ஆனால் நடுவர் விசில் ஊதிவிடுவார். 2009 ஜனவரியில் நிறுவனம் விழுந்தது. 2015-இல், ஒரு காலத்தில் அயர்லாந்தின் பெரும் பணக்காரராக இருந்தவர், பஹாமாஸில் திவாலானார். 2024 மே மாதம், 88 வயதில் காலமானார்.

கெர்ரிகோல்ட் இன்று அமெரிக்காவரை சக்கைப்போடு போடுகிறது. அதை நடத்துவது அயர்லாந்துப் பால் கூட்டுறவுகள். நன்றி, வணக்கம்.