நிழல் எந்தப் பக்கம் விழுது? வெள்ளைப் புடைப்போவியமும் உங்க வீட்டுச் சுவரும்

[காட்சி: இருட்டறை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. பக்கவாட்டிலிருந்து டார்ச் வெளிச்சம்.]

இந்தப் பலகையில பென்சில் கோடு கூட கிடையாது. முழுக்க ஒரே வெள்ளை பெயிண்ட். ஆனா ஒரு வட்டம் தெரியுது, அது பக்கத்துல ஒரு சதுரம் தெரியுது. இப்போ டார்ச்சைப் பலகைக்கு நேர் எதிரே கொண்டு வர்றேன். வட்டம் மங்கிடுச்சு. மறுபடியும் பக்கவாட்டுக்குப் போறேன். வந்துடுச்சு, பாருங்க.

வட்டத்தை வரைஞ்சது நிழல்தான். பலகையை ஒரு இடத்துல கொஞ்சம் ஆழமா செதுக்கி, ஒரு இடத்துல மேடா விட்டிருக்காங்க, அவ்வளவுதான். இதுதான் புடைப்போவியம், இங்கிலீஷ்ல ரிலீஃப். புடைப்புச் சிற்பம்னு சொன்னா நமக்கு மாமல்லபுரத்துப் பாறை ஞாபகம் வரும். அங்கே யானையும் தேவர்களும் இருக்காங்க. இங்கே உருவமே இல்லை. வட்டம், செவ்வகம், ஆழம், வெளிச்சம் மட்டும்தான்.

[காட்சி: பூச்சு பூசிய பலகையில் கத்தி முனையால் கோடு கீறும் கை.]

1933 டிசம்பர், பாரிஸ். பென் நிக்கல்சன்னு ஒரு ஆங்கிலேய ஓவியர். பலகையில தடிமனா பூச்சு பூசி, அதுல கோடு கீறிக்கிட்டு இருந்தார். ரெண்டு கோடு வெட்டிக்கிற இடத்துல ஒரு சில்லு பெயர்ந்து விழுந்துடுச்சு. வேற யாராயிருந்தாலும் அடைச்சுப் பூசியிருப்பாங்க. அவர் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார், இன்னும் செதுக்கினார். அவரோட முதல் ரிலீஃப் அப்படித்தான் வந்தது.

அடுத்த வருஷமே வண்ணம் இல்லாம, வெறும் வெள்ளையில ரிலீஃப் செய்ய ஆரம்பிச்சுட்டார். லண்டன் டேட் மியூசியத்துல 1935-ல அவர் செஞ்ச ஒண்ணு இருக்கு. ஒரு மேஜையோட மஹாகனி மரப் பலகையைச் செதுக்கினது. உயரம் சுமார் 1 மீட்டர், அகலம் சுமார் 1.66 மீட்டர். ஆரம்ப கால ரிலீஃப்கள்ல வட்டங்களைக் காம்பஸ் இல்லாம கையாலயே போட்டிருப்பார். அந்தச் சின்னக் கோணலாலதான் எனக்கு அவை ரொம்பப் பிடிக்கும்.

இன்னொருத்தர், நெதர்லாந்து டெல்ஃப்ட் ஊர்க்காரர், யான் ஸ்கோன்ஹோவன். பகல்ல தபால் துறை அலுவலகத்துல வேலை, சாயங்காலம் வீட்டுல கலை. அட்டை, காகிதக்கூழ், வெள்ளை பெயிண்ட். சின்னச் சின்னக் கட்டங்களா வரிசை வரிசையா அடுக்கினார். 1967-ல பிரேசில் நாட்டு சாவ் பாலோ சர்வதேசக் கண்காட்சியில பரிசு வாங்கின பிறகும் வேலையை விடலை, 1979 வரைக்கும் ஆபீஸ் போனார்.

[காட்சி: ஒரு பிரிண்ட். கேமரா நிழல் ஓரத்தை நெருங்குகிறது.]

சரி, இந்த மாதிரி ஒரு ரிலீஃபோட போட்டோ பிரிண்ட்டை வாங்கி வீட்டுல மாட்டணும். இங்கேதான் ஒரு சிக்கல். அசல் பலகையில நிழல் நகரும். பிரிண்ட்டுல நகராது. போட்டோ எடுத்தவர் விளக்கை எங்கே வெச்சாரோ, அந்த ஒரு கணம் அப்படியே உறைஞ்சு போயிருக்கு.

ஒரு சோதனை பண்ணுங்க. பிரிண்ட்டைத் தலைகீழாத் திருப்புங்க. மேடா இருந்தது பல சமயம் பள்ளமாத் தெரியும். வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும்னு நம்ம மூளை எடுத்துக்குது. அதனாலதான் இந்த மாற்றம்.

அதனால மாட்டுறதுக்கு முன்னாடி நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க. மேடான இடத்தோட நிழல் வலது பக்கம் விழுந்திருந்தா, படத்துக்குள்ள வெளிச்சம் இடதுலேயிருந்து வருது. உங்க ஜன்னலும் படத்துக்கு இடது பக்கம் இருக்கட்டும். நான் வாங்கின முதல் பிரிண்ட் ஜன்னலுக்குத் தப்பான பக்கத்துல ஒரு மாசம் தொங்குச்சு. எதுவோ உறுத்திக்கிட்டே இருந்தது. எதிர்ச் சுவருக்கு மாத்தின அன்னிக்கு, ஜன்னல் வெளிச்சமே அந்த வட்டத்து மேல விழுற மாதிரி ஆயிடுச்சு. இந்த ஒண்ணுக்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

பேப்பர் 'மேட்' வகையா, அதாவது பளபளப்பு இல்லாததா இருக்கணும். பளபளப்புப் பேப்பர்ல ட்யூப்லைட் அப்படியே தெரியும், அந்த மெல்லிய சாம்பல் நிழல் செத்துப் போயிடும். ஃப்ரேம் கண்ணாடியும் அப்படித்தான், அதனால ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீங்க. அச்சடிக்கிறவங்ககிட்ட முதல்ல ஒரு சின்னத் துண்டுல சாம்பிள் அச்சு கேளுங்க. சாம்பல் நிறத்துல ரோஸோ பச்சையோ கலந்திருந்தா வாங்காதீங்க. வண்ணப் படத்துல இது தெரியாது, வெள்ளையில உடனே தெரியும்.

சுவரும் தூய வெள்ளையா இருந்தா, பக்கத்துல பேப்பர் மஞ்சளாத் தெரியும். வெளிர் மணல் நிறமோ வெளிர் சாம்பலோ நல்லா எடுத்துக் கொடுக்கும். ஃப்ரேம் போடுறவர்கிட்ட தடிமனான மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுத்தி வைக்கிற அட்டை, கேட்டு, உள் ஓரத்தைச் சாய்வா வெட்டச் சொல்லுங்க. அந்த ஓரம் பிரிண்ட் மேல நிஜமாவே ஒரு மெல்லிய நிழல் போடும்.

நிக்கல்சன் இறந்தது 1982-ல. இந்தியச் சட்டப்படி கலைஞர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை இருக்கு. அதனால இணையத்துல கிடைக்கிற படத்தை எடுத்து அச்சடிக்காதீங்க, அனுமதியோட விற்கிற பிரிண்ட்டை வாங்குங்க.

[காட்சி: மேஜையில் அட்டைத் துண்டுகள், பசை, வெள்ளை பெயிண்ட்.]

இல்லைன்னா நீங்களே ஒண்ணு செய்யுங்க. மவுண்ட் போர்டை ஒரே அளவுப் பட்டைகளா வெட்டி, ஒரு அட்டை மேல செங்குத்தா நிறுத்திக் கட்டம் கட்டமா ஒட்டுங்க. பசை காஞ்சதும் மேட் வெள்ளை பெயிண்ட் ரெண்டு கோட் அடிங்க. காஞ்சதும் சுவர்ல மாட்டுங்க. எதிர்ச் சுவர் ட்யூப்லைட்டை அணைச்சுட்டு, ஒரு மேஜை விளக்கைப் பக்கத்துல, சுவரை ஒட்டி வைங்க. விளக்கை ஒரு சாண் நகர்த்திப் பாருங்க.

[காட்சி: விளக்கு மெல்ல நகர்கிறது. கட்டங்களுக்குள் நிழல் ஒவ்வொன்றாக நிரம்புகிறது.]