முதல் நம்முடையது, கட்டடம் யாருடையது?

(பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வணக்கம்.

என்னை அழைத்தவர்கள் 'கல்வியாளர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பட்டம் எனக்குப் பொருந்தாது. நான் கணக்கு எழுதியவன். ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், அந்த ஒரு பள்ளி மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

எங்கள் கட்டண கவுண்ட்டரில் இரண்டு ரசீதுப் புத்தகங்கள் இருக்கும். முதலாவது வெள்ளை. அச்சிட்ட வரிசை எண், பள்ளி முத்திரை, அரசுக் குழு நிர்ணயித்த கல்விக் கட்டணம். அதில் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக இருக்காது. தணிக்கைக்கு வருபவர் பார்த்து மகிழ்வார். இரண்டாவது மஞ்சள். ஸ்மார்ட் கிளாஸ், அபாகஸ், ஆண்டு விழா, கட்டட நிதி என்று ஆண்டுக்கொரு வரி கூடிக்கொண்டே போகும். இவை இரண்டும் போக, புத்தகமே இல்லாத ஒரு துண்டுச் சீட்டு உண்டு. தொகையைப் பென்சிலில் எழுதி நான் சுருக்கொப்பம் இடுவேன். பணத்தை ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். சீட்டை முதல்வர் அறையில் கொடுத்தால் சேர்க்கைப் படிவம் கிடைக்கும்; சீட்டு அங்கேயே தங்கிவிடும். பணம் கட்டியதற்கான ஆதாரம் பெற்றோர் கையில் அரை மணி நேரம்கூட இருக்காது.

ஜூன் மாதத்தில் பலர் நகைக்கடன் கொடுத்த இடத்தின் உறையோடு அப்படியே வருவார்கள். ஒருமுறை ஓர் அம்மா அவசரத்தில் பணத்தோடு அடகுச் சீட்டையும் சேர்த்து நீட்டிவிட்டார். நான் அதை எடுத்துத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, மஞ்சள் ரசீதைப் பார்த்தபடி கேட்டார்: "சார், கட்டட நிதி என்று போட்டிருக்கிறீர்களே, கட்டடம் கட்டி முடிந்ததும் இது குறையுமா?"

"அதை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், அம்மா" என்றேன். நான்தான் அலுவலகம்.

அன்று நான் சொல்லாத பதிலைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். அந்தத் தொகை குறையாது. முதல் மாடி முடிந்தால் இரண்டாம் மாடி தொடங்கும். அதுவும் முடிந்தால் பக்கத்து ஊரில் ஒரு கிளை தொடங்குவார்கள்.

கட்டணம் என்றால் என்ன? பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிறோம். போன தூரத்துக்கு அது கூலி. அந்தப் பணத்தில் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் தேய்மானமும் அடங்கும். அதோடு, "அடுத்த பஸ் வாங்கப்போகிறேன், அதற்கும் கொஞ்சம் கொடுங்கள்" என்று நடத்துநர் கேட்டால் விடுவோமா? பஸ்ஸில் எனக்கும் ஒரு பங்கு எழுதிக் கொடு என்போம். பள்ளியில் மட்டும் கேட்பதில்லை. மஞ்சள் ரசீதில் நாம் கட்டுவது பெரும்பாலும் முதலீடு. முதல் போடுகிறவர்கள் பெற்றோர். சொத்து அறக்கட்டளையின் பெயரில் நிற்கிறது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியே வரும்போது, அந்தக் கட்டடத்தில் ஒரு செங்கல்கூட நமக்குச் சொந்தமில்லை.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. அதுவும் பலமான சட்டம். தமிழ்நாட்டில் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் சட்டம் 2009-இல் வந்தது. உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைந்தது. பள்ளி இருக்கும் இடம், வசதிகள், நிர்வாக, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்குத் தேவையான நியாயமான உபரி ஆகியவற்றைப் பார்த்து ஒவ்வொரு பள்ளிக்கும் அந்தக் குழு கட்டணம் நிர்ணயிக்கும். அது மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். கூடுதலாக வசூலித்தால் திருப்பித் தர வேண்டும். மீறினால் சிறைத் தண்டனையும் உண்டு. 2010-இல் முதல் குழு கட்டணங்களை அறிவித்ததும் ஆயிரக்கணக்கான பள்ளிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. கல்வி உரிமைச் சட்டமோ, நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது. உச்ச நீதிமன்றமும் சும்மா இருக்கவில்லை. கல்வியில் நியாயமான உபரி இருக்கலாம், லாப வேட்டை கூடாது என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் சொன்னது. மூலதனச் செலவைக் கட்டணத்தில் ஏற்றக் கூடாது என்று 2004-இல் டெல்லிப் பள்ளிகள் தொடர்பான வழக்கில் சொன்னது. அந்த அம்மா கேட்ட கேள்விக்கு நீதிமன்றமே பதில் சொல்லிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் எதுவும் மாறவில்லை? நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். செலவு எவ்வளவு கூடுதலாகத் தெரிகிறதோ அவ்வளவு கட்டணம் கேட்கலாம். பள்ளியின் பெரிய செலவு ஆசிரியர் சம்பளம். எனவே சம்பளத்தை வங்கிக் கணக்கில் முழுதாகப் போடுவோம். எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆசிரியைகளின் ஏடிஎம் அட்டைகள் மட்டும் நிர்வாகியின் மேசை இழுப்பறையில், ஒரு ரப்பர் வளையத்துக்குள் இருக்கும். மாதம் ஐந்தாம் தேதி ஒரு பையன் அந்தக் கட்டோடு போய்ப் பணத்தை எடுத்து வருவான். பாதிக்குக் கொஞ்சம் மேலே உறையில் போட்டு ஆசிரியைகளிடம் கொடுப்போம். பெற்றோர் அதிகம் கட்டுகிறார்கள், ஆசிரியர் குறைவாக வாங்குகிறார். நடுவில் இருக்கும் பணம் எங்கே போகிறது என்று கணக்கு எழுதிய எனக்குத் தெரியும். கட்டணம் கூடினால் கல்வித் தரம் கூடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ரப்பர் வளையத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பள்ளிகளும் அப்படியல்ல. குறைந்த கட்டணத்தில், கடனில் தத்தளித்துக்கொண்டு, நேர்மையாக நடத்துகிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் படும் பாடு தனிக் கதை.

இப்போது கல்விக்கு யார் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். பெற்றோர் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த மாநிலத்தில் மக்கள் பள்ளிக்குக் கொடுத்த வரலாறு பெரியது. 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைப் பெரியவர்கள் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். காமராஜர் முதலமைச்சர்; நெ.து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநர். ஊர் ஊராக மாநாடு கூட்டினார்கள். ஒருவர் நிலம் கொடுத்தார், ஒருவர் செங்கல் கொடுத்தார், இன்னொருவர் பெஞ்சு செய்து கொடுத்தார். அவர்களும் கட்டட நிதி கொடுத்தவர்கள்தாம். ஆனால் அந்த நிலம் ஊரின் நிலமாயிற்று. அந்தப் பெஞ்சில் கொடுத்தவரின் பிள்ளைக்குப் பக்கத்தில், ஒன்றும் கொடுக்க வழியில்லாதவரின் பிள்ளையும் உட்கார்ந்தது. நாமும் இன்று கொடுக்கத்தான் செய்கிறோம், அவர்களைவிட அதிகமாகவே கொடுக்கிறோம். அவர்கள் கொடுத்தது பொதுச் சொத்தாயிற்று. நாம் கொடுப்பது அடுத்தவர் சொத்தாகிறது.

கட்டணத்தில் இன்னொரு கொடுமை, அது வரும் காலம். ஒரு மனிதன் முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் வீட்டுக் கடன், பெற்றோரின் மருத்துவம், தங்கை கல்யாணம் என்று திணறும்போதுதான் பள்ளிக் கட்டணமும் வருகிறது. பிள்ளை பெற்றவர் மட்டும், அந்தப் பதினான்கு ஆண்டுகளுக்குள், மொத்தத்தையும் கட்டித் தீர்க்க வேண்டும். படித்து வந்த நர்ஸ் ஊசி போடுவது பிள்ளை இல்லாதவருக்கும்தான். படித்து வந்த பொறியாளரை வேலைக்கு எடுத்துச் சம்பாதிக்கிற நிறுவனம் அவர் ஒன்றாம் வகுப்பு படித்ததற்கு என்ன கொடுத்தது? பயன் எல்லாருக்கும் போகிறபோது செலவை ஒரு வீட்டின் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? வரி இதைச் சரிசெய்கிறது. வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக, உள்ளவரிடம் அதிகமாக, இல்லாதவரிடம் குறைவாக வாங்குகிறது. பள்ளி வாசலில் யாரும் அடகுச் சீட்டோடு நிற்க வேண்டியதில்லை.

"அரசிடம் பணம் எங்கே?" என்பார்கள். நாட்டு வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்வி ஆணையம் 1966-இல் சொன்னது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 சதவீதத்தைத் திரும்பச் சொல்கிறது. இடையில் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஒரு முறைகூட எட்டவில்லை. 2004-இல் வரியின் மேல் 2 சதவீதம் கல்விக்கென்று செஸ் என்ற கூடுதல் வரி போட்டார்கள். இன்று அது சுகாதாரத்தோடு சேர்ந்து 4 சதவீதம். செஸ் என்பது மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரித் தொகுப்பில் சேராது. ஆசிரியருக்குச் சம்பளம் போடுவதோ பெரும்பாலும் மாநிலம். வசூலிக்கும் கை டெல்லியில், செலவழிக்கும் கை இங்கே. நடுவில் சண்டை வந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம்: சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி நிறுத்திவைக்கப்பட்டது, கல்வி உரிமைச் சட்டப்படி ஏழைப் பிள்ளைகளுக்கு அரசே கட்டணம் கட்டும் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு 2025-26-இல் சேர்க்கை உரிய காலத்தில் தொடங்கவே இல்லை. ஏழைப் பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு இரண்டு அரசுகளின் கடிதப் போக்குவரத்தில் சிக்கிக்கொண்டது.

அந்த 25 சதவீதத்தைப் பற்றி எனக்கு இரண்டு மனம். ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அது நல்லதுதான், மறுக்கமாட்டேன். ஆனால் அரசு தன் பணத்தை நீட்டித் தன் பிள்ளைகளை வெளியே அனுப்புகிற ஏற்பாடு அது. அப்படிச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் நான் மஞ்சள் ரசீது போட்டிருக்கிறேன்.

இன்னொரு வழி நம்மிடம் நெடுங்காலமாக இருந்தது. அரசு உதவி பெறும் பள்ளி: நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு. நம் பெற்றோர் தலைமுறையில் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதிய பள்ளிகளுக்கு அந்த மானியம் நின்றது. சுயநிதிப் பள்ளிகள் பெருகின. உதவி பெறும் பள்ளிகளிலும் ஆசிரியர் பணியிடத்துக்குப் பணம் வாங்கிய நிர்வாகங்கள் உண்டு, எனக்குத் தெரியும். ஆனாலும் பெரிய செலவான சம்பளத்தை அரசு ஏற்றால், கட்டணம் கேட்க நிர்வாகத்துக்குச் சாக்கு இருக்காது. கணக்கைத் தணிக்கை செய்ய அரசுக்கும் முழு உரிமை இருக்கும். நியமனத்தை மட்டும் அரசே செய்யட்டும். அந்தக் கதவை மறுபடி திறக்கலாம் என்பது என் கருத்து. முதல் வேலை அரசுப் பள்ளியைச் சரிசெய்வது. இது இரண்டாவதாக வரட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் மகளை நானும் அதே தனியார் பள்ளியில்தான் படிக்கவைத்தேன். ஊழியர் என்பதால் பாதிக் கட்டணம். வீட்டுக்கு எதிரே நகராட்சிப் பள்ளி இருந்தது. கழிவறைக்குத் தண்ணீர் வராது என்பதால் அங்கே சேர்க்கவில்லை. அந்தத் தண்ணீருக்காக நகராட்சிக்கு ஒரு மனுகூட எழுதவில்லை. எழுதத் தெரிந்தவன்தானே நான்? எழுதத் தெரிந்தவர்கள், அதிகாரியிடம் குரல் உயர்த்தத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பிறகு அந்தப் பள்ளிக்காகக் கேட்க யார் மிச்சம்? நாம் அங்கே கேட்காமல் விட்டதற்குத்தான் இங்கே கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. என் மகள் கல்லூரிக்குப் போன பிறகு, பக்கத்துத் தெரு ஆட்டோ ஓட்டுநர்கள் நாலு பேர் போய் உட்கார்ந்து வாங்கி வந்தார்கள்.

நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். உங்கள் பள்ளிக்குக் குழு நிர்ணயித்த கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஆணையின் நகலையும் கேளுங்கள். அது ரகசிய ஆவணம் அல்ல. தனியாகப் போனால், 'உங்கள் பிள்ளை எந்த வகுப்பு?' என்றுதான் முதலில் விசாரிப்பார்கள்; அந்தக் கேள்வியின் பொருள் உங்களுக்குத் தெரியும். அதனால் சேர்ந்து போங்கள். வரும் திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் நாங்கள் ஏழு பேர் மனு கொடுக்கிறோம். வருகிறவர்கள் வெள்ளை ரசீது, மஞ்சள் ரசீது இரண்டின் நகலையும் எடுத்து வாருங்கள். துண்டுச் சீட்டு யாரிடமும் இருக்காது. தேதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அந்தப் பென்சில் எழுத்து என்னுடையதுதான் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன். அசல் ரசீதுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.