அந்தப் பாட்டு பிறந்தது கிடங்கில்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

‘ஃபிரான்ஸ் ஃபெர்டினான்ட் இசைக்குழுவை உலக மேடையில் ஏற்றியது “டேக் மீ அவுட்” பாட்டின் கட்டமைப்பா, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ என்ற ஊரா?’ என்பது இன்றைய தலைப்பு. ஊர்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் அந்தப் பாட்டை நன்றாகவே பிரித்துக் காட்டினார். துடிப்பாகத் தொடங்குகிறது, ஒரு நிமிடம் ஆவதற்குள் வேகம் படிப்படியாக இறங்கி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 105 தட்டுகள் என்ற கனத்த நடைக்கு வந்துவிடுகிறது, அங்கேதான் உலகமே முணுமுணுத்த அந்தக் கிட்டார் இசை நுழைகிறது. இந்த ஒரு திருப்பம் போதும், எந்த ஊரில் பிறந்திருந்தாலும் இது வென்றிருக்கும் என்றார்.

ஐயா, அந்தத் திருப்பத்தில் சொக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் வானொலியை நம்பிப் பாட்டுக் கட்டுகிறவன், பாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் வேகத்தைக் குறைப்பானா? கேட்பவர் அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவாரே என்று அஞ்சமாட்டானா? இவர்களுக்கு மட்டும் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது?

கிளாஸ்கோவில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய கிடங்கிலிருந்து வந்தது. அதற்கு ‘ஷாட்டோ’, அதாவது கோட்டை என்று இவர்களே பெயர் வைத்தார்கள். அங்கேதான் பயிற்சி, அங்கேதான் கச்சேரி. கச்சேரி நடக்கும் இரவில் பக்கத்திலேயே ஓவியமும் காட்சிக்கு இருக்கும். அனுமதி கிடையாது, உரிமம் கிடையாது. ஒருநாள் காவல்துறை உள்ளே புகுந்து பாடகர் அலெக்ஸ் கப்ரானோஸைக் கைது செய்தது. பிறகு வழக்குக் கைவிடப்பட்டது. அதற்காக இவர்கள் ஓய்ந்தார்களா? கைதி அறைகளோடு கிடந்த ஒரு பழைய நீதிமன்றக் கட்டடத்துக்கு இடம் மாறி வாசித்தார்கள்.

அந்தக் கிடங்குக்கு வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்க வந்தவர்கள் இல்லை, ஆட வந்தவர்கள். பெண்கள் ஆடுவதற்கான இசையைச் செய்யவேண்டும் என்பதுதான் இந்தக் குழு வாய்விட்டுச் சொன்ன நோக்கம். ஆடுகிறவர்களின் முகத்துக்கு நேரே நின்று வாசிக்கிறவனுக்குத்தான் எங்கே ஓடவேண்டும், எங்கே நிறுத்தி மிதிக்கவேண்டும் என்பது பிடிபடும். எதிரணி கொண்டாடும் அந்தத் தாள இறக்கத்தை அந்தக் கூட்டம் கற்றுக்கொடுத்த பாடமாகவே நான் கேட்கிறேன்.

சரி, ஆட்களைப் பாருங்கள். கப்ரானோஸ் ஒரே நாளில் முளைத்தவர் அல்ல. தொண்ணூறுகள் முழுக்க கிளாஸ்கோவின் சின்னச்சின்னக் குழுக்களில் வாசித்தார், ‘தேர்டீன்த் நோட்’ மதுவிடுதியில் பிறர் கச்சேரிகளுக்கு ஏற்பாடு செய்தார், வயிற்றுப்பாட்டுக்குச் சமையல்காரராக வேலை பார்த்தார். புகழ் வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பாஸ் கிட்டார் வாசிக்கும் பாப் ஹார்டி, கிளாஸ்கோ கலைப்பள்ளியில் ஓவியம் படிக்க வந்தவர். பாஸ் வாசிக்கத் தெரியாது. அதே ஊரின் ‘பெல் அண்ட் செபாஸ்டியன்’ குழுவைச் சேர்ந்த மிக் குக் தன்னுடைய பாஸ் கிட்டாரைக் கப்ரானோஸிடம் கொடுத்தார். கப்ரானோஸ் அதில் ஹார்டிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். டிரம்ஸ் வாசித்த பால் தாம்சன், அதே கலைப்பள்ளியில் மாணவர்கள் வரைவதற்கு மாதிரியாக நின்று சம்பாதித்தவர். நிக் மெக்கார்த்தி ஜெர்மனியில் பியானோவும் டபுள் பாஸும் முறையாகப் படித்துவிட்டு வந்தவர். இங்கே கையில் எடுத்தது கிட்டார். ஒரு விருந்தில் கப்ரானோஸின் வோட்காவை அவர் எடுக்கப்போய் சண்டை மூண்டு, அதுவே நட்பானது.

கருவியைக் கொடுத்துதவும் சக கலைஞன், பயிற்சிக்கு ஒரு கலைப்பள்ளி, கைவிடப்பட்ட ஒரு பழைய கட்டடம். இத்தனையும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் கிடைத்ததை வெறும் பின்னணி என்று ஒதுக்கிவிட முடியுமா? நெல்லும் நீரும் தந்த வயலை மறந்துவிட்டுப் பொங்கல் பானையை மட்டும் கும்பிடச் சொல்கிறது எதிரணி.

இன்னொரு கணையும் விட்டார்கள்: பாட்டை வெளியிட்ட டொமினோ லண்டன் இசை நிறுவனம், பதிவானது ஸ்வீடனின் மால்மோவில், தயாரித்தவர் டோரே யோஹான்சன், இதில் கிளாஸ்கோ எங்கே என்று. உண்மைதான். யோஹான்சன் ஒலியைத் துலக்கினார், அந்தப் பெருமை அவருக்கு உரியது. ஆனால் மால்மோவுக்குப் புறப்பட்டுப் போனது ஒன்றாக வாசித்துப் பழகிய நான்கு பேர். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு யாரும் அவர்களைக் குழுவாக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்தது. 2004 ஜனவரியில் பாட்டு வெளியாகி பிரிட்டன் பட்டியலில் 3-ஆம் இடம். அடுத்த மாதம் குழுவின் பெயரிலேயே முதல் ஆல்பம். பாடகி அமி வைன்ஹவுஸின் முதல் ஆல்பமும் போட்டியில் இருந்த அந்த ஆண்டு, சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு இவர்களுக்கு. ஆஸ்திரேலியாவின் டிரிபிள் ஜே வானொலி நேயர்கள் அந்த ஆண்டின் முதலிடப் பாட்டாக இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பாட்டின் வெற்றியை நாங்கள் மறுக்கவே இல்லை.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுத் தன் வாதத்தைத் தொடங்கட்டும்: கலைப்பள்ளியும் அந்தக் கிடங்கும் இல்லாத ஒரு நகரத்தில், பாஸ் வாசிக்கத் தெரியாத ஓர் ஓவியரைக் கூப்பிட்டுக் குழுவில் சேர்த்துக்கொள்ளலாம் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?